ஒரே மனிதரை வருடா வருடம் கண்டுபிடிப்பது

மருத்துவ முகாம் நடத்தி ஊரில் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்த முடியாது. எங்கள் ஊர்க்காரர்கள் கூடுகிற இடத்தில் இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். "நல்லது செய்யறதையும் குத்தம் சொன்னா எப்படிம்மா?" என்று ஒரு அண்ணன் நேரடியாகவே கேட்டார். நியாயமான கேள்வி. அந்த இடத்தில் நின்றுகொண்டு இரண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள் யாரைக் கேட்டாலும் அவரவர் ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கும். குடமுழுக்கு என்றால் பணம் போகும். பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் என்றால் போகும். 2018-ல் கஜா புயல் தென்னைகளை வேரோடு சாய்த்தபோது தார்ப்பாயும் அரிசியும் போயின. கட்டுமானத் தளத்தில் நாள் முழுக்க வெயிலில் நிற்கிற தம்பிகள்கூட, சம்பளம் வந்ததும் வீட்டுக்கு அனுப்புவதோடு ஊர்ப் பங்கையும் எடுத்து வைத்துவிடுவார்கள். வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட இங்கே அனுமதி வாங்க வேண்டும் என்பதால் எல்லாம் ஊர்க்காரர்களுக்குள்ளேதான். அப்படிச் சேர்கிற பணத்தில், பொங்கலையொட்டி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருடமும் இலவச மருத்துவ முகாம் நடக்கிறது.

நடக்கிற விதத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. சாமியானா, பிளெக்ஸ், டவுனிலிருந்து வேனில் வந்து இறங்கும் டாக்டர்கள், வகுப்பறைக்கு ஒரு பிரிவு, மதியம் எல்லோருக்கும் சாப்பாடு. சர்க்கரை பார்க்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள், கண் பார்க்கிறார்கள். ஒரு சீட்டும் சில நாள் மாத்திரையும் கையில் கிடைக்கிறது. சாயங்காலத்துக்குள் படங்கள் நம் கைப்பேசிக்கு வந்துவிடும். நம் அத்தையும் மாமாவும் வரிசையில் உட்கார்ந்திருப்பதை இங்கே ஈசூனில் சமையலறையில் நின்றபடி பார்க்கும்போது வருகிற நிறைவு உண்மையானது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஊரில் ஒருவருக்கு முடியவில்லை என்று தெரிந்தால் நாம் இங்கே நிம்மதியாகச் சாப்பிட முடிவதில்லை. அந்தத் தவிப்பிலிருந்துதான் இந்த முகாமே வந்தது.

என் சித்திக்கே ஒரு முகாமில்தான் கண்புரை இருப்பது தெரிந்தது. அறுவைச் சிகிச்சைக்கு அழைத்துப் போனார்கள், லென்ஸ் வைத்தார்கள், இப்போது ஊசியில் நூல் கோர்க்கிறார். அவருக்குத் துணையாக இருக்க நான் ஊருக்குப் போனேன். முகாமைப் பற்றி நல்லதாக மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான் கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். எல்லோருக்கும் அவர் நர்ஸம்மா. என்னைவிட இளையவர். சித்திக்குச் சர்க்கரை பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டு, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுக் கேட்டார்: "அக்கா, சிங்கப்பூர்க்காரவுங்க நடத்துனீங்கல்ல முகாம், அதுல பேரு எழுதுன நோட்டு இப்ப யாருகிட்ட இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டு மூன்று பேரைக் கேட்டதில், சாமியானா சாமான்களோடு ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்தது. டாக்டர்களை அனுப்பிய தனியார் மருத்துவமனை தன் பங்குக்கு ஒரு பட்டியல் எடுத்துப் போயிருந்தது. காப்பீட்டு அட்டை வைத்திருந்தவர்களுக்கு மட்டும் பிறகு ஸ்கேன் எடுக்க வரச்சொல்லி போன் வந்ததாம். பரணில் கிடந்த நோட்டில் பெயர், வயது, ஒரு எண், அவ்வளவுதான். வீடு எது, போன் நம்பர் என்ன, ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதெல்லாம் இல்லை. எங்கள் ஊரில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். நர்ஸம்மா அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக, வயதை வைத்தும் தெருவை யோசித்தும் யார் என்று கண்டுபிடித்தார். தன் பதிவேட்டில் இருப்பவர்களுக்குப் பென்சிலால் டிக் போட்டார். டிக் இல்லாத பெயர்கள் கணிசமாக இருந்தன. "இவுங்கள்லாம் எனக்கு ஆப்ட்டதே இல்லக்கா. நான் போற நேரம் வேலைக்குப் போயிருப்பாங்க" என்றார். மறுநாள் அவரோடு நானும் கிளம்பினேன்.

மஞ்சப்பைக்குள் இருந்த சீட்டுகள்

கீழத்தெருக் கடைசியில் எனக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர் வீடு. நாங்கள் போனபோது கட்டிலில் சாய்ந்திருந்தார். வலது கை மடியில் அசைவில்லாமல் கிடந்தது. முகாம் முடிந்த சில வாரங்களில் பக்கவாதம் வந்திருக்கிறது. நர்ஸம்மா விசாரித்ததும், பெரியம்மா உள்ளே போய் ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்தார். ரேஷன் கார்டு, நிலத்துப் பட்டா, அவற்றோடு ரப்பர் பேண்டு போட்டு மடித்த சீட்டுகள். எல்லாம் எங்கள் முகாமில் கொடுத்தவை. ஒரு வருடத்துச் சீட்டில் இரத்த அழுத்தம் 160/100. அடுத்ததில் 170/100. கடைசிச் சீட்டில் 190/110. ஒவ்வொன்றின் மேலும் சிங்கப்பூர் வாழ் ஊர் மக்கள் என்று அச்சடித்திருந்தது.

நான் அந்தச் சீட்டுகளை ஒன்றன்பக்கத்தில் ஒன்றாகத் திண்ணையில் வைத்துப் பார்த்தேன். நோய் ஏறிய படிக்கட்டு முழுக்க நம் கையெழுத்தில் இருந்தது. ஒரே மனிதரை வருடா வருடம் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறோம். முதல் சீட்டு எழுதியவருக்கு இரண்டாவது சீட்டு வரப்போவது தெரியாது. இரண்டாவது எழுதியவர் முதல் சீட்டைக் கேட்கவில்லை.

"மாத்திரை சாப்பிடலையா பெரியப்பா?" என்று கேட்டேன். அவருக்கு வாய் கொஞ்சம் குழறியது, ஆனால் பதில் தெளிவாக வந்தது. "ஒண்ணு விடாம சாப்ட்டேன் பாப்பா. குடுத்தத முழுசா முடிச்சேன்." பெரியம்மாவும் தலையாட்டினார். மாத்திரை அட்டையின் வெறும் தகட்டைக்கூட அவர் தூக்கிப் போடவில்லை. அதுவும் பையில் இருந்தது.

அந்தப் பதிலைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. இங்கே நாம் பேசும்போது எல்லாவற்றையும் விழிப்புணர்வு இல்லாமையின் தலையில் கட்டிவிடுகிறோம். படிக்காத ஜனங்கள், சொன்னால் கேட்க மாட்டார்கள், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட மாட்டார்கள் என்கிறோம். இந்த மனிதர் கேட்டார். டாக்டர் கொடுத்த அத்தனையையும் சாப்பிட்டார், சீட்டைப் பட்டாவோடு சேர்த்துப் பத்திரப்படுத்தினார். காய்ச்சலுக்கு மூன்று நாள் மாத்திரை கொடுத்தால் மூன்று நாளில் முடிவது போல, பதினைந்து நாள் மாத்திரை கொடுத்ததால் பதினைந்து நாளில் வைத்தியம் முடிந்துவிட்டது என்று நினைத்தார். அப்படி நினைக்க வைத்தது அந்த முகாமின் அமைப்பேதான். சாமியானா போட்டார்கள், பார்த்தார்கள், கொடுத்தார்கள், சாமியானாவைப் பிரித்தார்கள். ஆயுளுக்கும் சாப்பிட வேண்டிய ஒரு மாத்திரையை, ஒரே நாளில் எல்லாம் முடிந்துபோகும் ஒரு விழாவில் வைத்துக் கொடுத்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். டாக்டர் சொல்லியிருப்பார் என்கிறீர்களா? சொல்லியிருக்கலாம். ஒரு காலை நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்க்கிறவர் எவ்வளவு சொல்லிவிட முடியும்?

உயர் இரத்த அழுத்தத்துக்கு வலி கிடையாது. பெரும்பாலானவர்களுக்குத் தலைசுற்றல்கூட இருக்காது. அது பாட்டுக்கு வருடக்கணக்கில் இரத்தக் குழாய்களின் சுவரைத் தடிக்க வைக்கும், சிறுநீரகத்தின் வடிகட்டும் நுண்குழாய்களைச் சிதைக்கும், இதயத்தை அதிகம் உழைக்க வைக்கும். ஒரு விடியற்காலையில் கை தூக்க வரவில்லை என்னும்போதுதான் வீட்டுக்கே தெரியும். அதனால், நன்றாக இருக்கும்போதே மாத்திரை சாப்பிட வேண்டும் என்று ஒருவரை நம்ப வைத்து, அந்த நம்பிக்கை மாதா மாதம் தேய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியத்தில் முக்கால்வாசி. அதைச் செய்ய, பழகிய முகம் ஒன்று திரும்பத் திரும்ப வாசலுக்கு வர வேண்டும்.

மாத்திரை இருக்கிறது, வீட்டுக்கு வரும் வழிதான்

மருந்து இல்லாமல் இது நடக்கவில்லை என்பதுதான் மனதை அறுக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தை மொத்தமாக, நியாய விலையில் வாங்கித் தரத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை 1994-ல் தொடங்கினார்கள். இந்த முறையைப் பார்த்துப் பிற மாநிலங்களும் பின்பற்றின. அம்லோடிபின் போன்ற அழுத்த மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. விலைக்கு வாங்கினாலும் மலிவுதான். அப்படியிருந்தும் 2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. சர்க்கரையிலும் ஏறத்தாழ அதே கதைதான்.

அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு வந்ததுதான் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்கள். மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுத்த பெண்கள் வீடு வீடாகப் போய் அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிக்கும் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் இதற்குக் கிடைத்தது. எங்கள் பெரியப்பாவுக்கு இப்போது கை விரலை நீட்டி மடக்கச் சொல்லித் தருவது இந்தத் திட்டத்தில் வருகிற பெண்தான்.

ஆனால் திட்டம் என்று ஒன்று இருப்பதாலேயே எல்லா வாசலும் திறந்துவிடுவதில்லை. நர்ஸம்மாவோடு நடந்த அன்றைக்கு நான் கேட்டவற்றைச் சொல்கிறேன். காலையில் போனால் ஆட்கள் நூறு நாள் வேலையில் இருக்கிறார்கள். அதனால் அவர் வாய்க்கால் வெட்டும் இடத்துக்கே மெஷினைத் தூக்கிக்கொண்டு போய், புளியமரத்தடியில் உட்கார வைத்துப் பார்க்கிறார். வேலை செய்து மூச்சு வாங்குகிறவரைக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வைத்த பிறகுதான் அளக்க வேண்டும். அதற்குள் மேஸ்திரி கூப்பிட்டுவிடுவார். ஆரம்ப சுகாதார நிலையம் எட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, அது பெரிய உதவி. ஆனால் பஸ் வருகிற நேரமும் டாக்டர் இருக்கிற நேரமும் ஒத்துப்போவதில்லை. பஸ் படி ஏற முடியாதவருக்கு இலவசம் இருந்து என்ன பயன்? "ஒரு தடவ மாத்திரைய ஆரம்பிச்சா அப்புறம் விடவே முடியாதாமே" என்று ஒரு அக்கா கேட்டார். "கிட்னி கெட்டுப்போகுமாமே" என்று இன்னொருவர். மாத்திரை சாப்பிடாவிட்டால்தான் கிட்னி கெடும் என்பதை நர்ஸம்மா முதல்முறை சொல்வது போலவே பொறுமையாகச் சொன்னார்.

உப்பு விஷயத்தில் அவர் பேசிய முறை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வெயிலில் வேலை செய்கிற வீட்டில், பழைய சோறும் மோர்மிளகாயும் கருவாடும் இருக்கிற இடத்தில், அந்த அளவைச் சொன்னால் சிரிப்பார்கள். "வேர்வ சிந்துறவனுக்கு உப்பு வேணாமா?" என்பார்கள். நர்ஸம்மா கருவாட்டை விடச் சொல்லவில்லை. வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் செய்யச் சொன்னார். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் ஒரே வேளையில் வேண்டாம், ஏதாவது ஒன்று போதும் என்றார். அந்தச் சமையலறையை ஏற்கெனவே பார்த்தவரால்தான் இப்படிப் பேச முடியும். பிளெக்ஸில் அச்சடித்து ஒட்டினால் இது நடக்காது.

கதவைத் தட்டியவர்கள்

ஊரிலிருந்து திரும்பிய பிறகு இதை எங்கள் புளோக்கில் இருக்கும் ஒரு பாட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்துச் சோங் பாங் கம்பத்தில், அதாவது கிராமத்தில், வளர்ந்தவர். அவர் சட்டென்று, "நம்ம கம்பத்துக்கும் மிஸ்ஸி வருவாங்களே, புள்ளைய தராசுல போட்டுப் பாப்பாங்க" என்றார். மிஸ்ஸி என்றால் தாதி. சிங்கப்பூரும் ஒரு காலத்தில் கிராமங்கள் நிறைந்த ஊராக இருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1920-களின் பிற்பகுதியில் ஐடா சிம்மன்ஸ் என்ற பொதுச் சுகாதாரத் தாதி இங்கே வந்தார். 1927-ல் இந்தத் தீவின் கிராமப் பகுதியில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. அவரும் அவர் பயிற்றுவித்த தாதிகளும் கம்பம் கம்பமாக, வீடு வீடாகப் போனார்கள். தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், எடை பார்த்தார்கள், மறுபடி மறுபடி போனார்கள். 1948-ல் அவர் ஓய்வுபெற்றபோது அந்த எண்ணிக்கை 57. அடுக்குமாடி வீடுகளும் வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீரும் வருவதற்கு வெகுகாலம் முன்பே இது நடந்தது.

இன்றைக்கும் இங்கே அந்த வழக்கம் போய்விடவில்லை. 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்களை ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளச் சொல்வதன் அடிப்படையே, ஒருவரை ஒரே ஆள் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பதுதான். தனியாக இருக்கும் முதியவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி நலம் விசாரிக்கத் தொண்டூழியர்கள் வருகிறார்கள். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) எனக்கு அடுத்த தேதி தவறினால் குறுஞ்செய்தி வருகிறது. இந்த வசதிக்குள் உட்கார்ந்துகொண்டு நாம் ஊருக்கு அனுப்புவது மட்டும் ஒரு நாள் திருவிழாவாக இருக்கிறது. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

தமிழ்நாட்டில் கதவைத் தட்டிக் காட்டியவர்களுக்குக் குறைவில்லை. தர்மபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி அங்கே ஒரு குடிசையில் வேலையைத் தொடங்கினார்கள். அப்போது அங்கே ஆயிரத்துக்கு 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. அவர்கள் அந்தப் பழங்குடி ஊர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். பிறகு வந்த ஆண்டுகளில் குழந்தை இறப்பு பெருமளவு குறைந்தது. ஆஸ்பத்திரியும் கட்டினார்கள், அறுவை அரங்கும் வந்தது. ஆனால் மலையேறிப் போய் கர்ப்பிணியைப் பார்த்துவிட்டு வருகிற உள்ளூர்ப் பெண் இல்லாமல் அந்தக் கட்டடம் பாதி வேலையைக்கூடச் செய்திருக்காது.

கண்புரை மட்டும் வேறு கதை என்று என் சித்தியை வைத்து நானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஒரு முறை வெட்டி லென்ஸ் வைத்தால் முடிகிற காரியம், அதற்கு முகாம் பொருந்தும். உண்மைதான். ஆனால் உலகத்துக்கே கண் முகாம் நடத்தக் கற்றுக் கொடுத்த மதுரைப் பக்கத்திலேயே ஒரு ஆய்வு நடந்தது. முகாம் நடந்த கிராமங்களில், கண்ணில் கோளாறு இருந்தவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 7 சதவீதம்தான் என்று 1999-ல் வெளியான அந்த ஆய்வு சொன்னது. இலவசம், பக்கத்திலேயே, நல்ல டாக்டர்கள். இருந்தும் நூற்றுக்கு ஏழு பேர். துணைக்கு ஆள் இல்லை, ஒரு நாள் கூலி போய்விடும், பயம். அந்த மதுரையின் அரவிந்த் கண் மருத்துவமனை அதற்குப் பிறகு முகாம்களோடு நிற்காமல், சின்ன ஊர்களில் வருடம் முழுக்கத் திறந்திருக்கும் கண் மையங்களை அமைத்து, கணினி வழியே மருத்துவரை இணைத்தது. முகாமில் அவர்களைவிட அனுபவம் உள்ளவர்கள் யார்? அவர்களே நிரந்தரமான இடம் வேண்டும் என்று போனார்கள் என்றால், எங்கள் சாமியானாவைப் பற்றி நான் கேள்வி கேட்பது அத்தனை பெரிய குற்றமா?

நர்ஸம்மா கேட்டவை

கிளம்புவதற்கு முதல் நாள், "நாங்க என்ன அனுப்பினா உங்களுக்கு உபயோகமா இருக்கும்?" என்று அவரிடமே கேட்டேன். மருந்து வேண்டாம் என்றார், வருகிறது. பெரிய மெஷின் எதுவும் வேண்டாம் என்றார். சிங்கப்பூரிலிருந்து போகிற சர்க்கரை பார்க்கும் கருவிகளில் பாதி, அந்தந்த வீட்டு அலமாரியில் ஸ்ட்ரிப் தீர்ந்துபோய்க் கிடக்கின்றன என்பதைச் சொல்லவும் செய்தார். அவர் கேட்டவை இவை: நடக்க முடியாத சிலரை மாதம் ஒருமுறை சுகாதார நிலையத்துக்கும், சிறுநீரகம், கண், கால் பரிசோதனைக்கு வருடம் ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போய்வர ஆட்டோ வாடகை. பிரஷர் மெஷினுக்கு அவ்வப்போது பேட்டரி, பருத்த கைகளுக்குப் பொருந்தும் பெரிய பட்டை. துணை சுகாதார நிலையத்து வாசலில் நிழலுக்கு ஒரு கூரையும் பெஞ்சும், ஏனென்றால் அளப்பதற்கு முன்னால் ஆட்களைச் சும்மா உட்கார வைக்க இடமில்லை. அப்புறம், முகாம் நடத்தினால் தேதியைத் தனக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், சாயங்காலமே நோட்டு தன் கைக்கு வர வேண்டும்.

கடைசியாகக் கேட்டதற்குப் பைசா செலவில்லை. மற்றவற்றையும் சேர்த்தால் ஒரு முகாமுக்கு நாங்கள் செலவழிப்பதில் ஒரு பகுதிதான் வரும்.

சிங்கப்பூர் திரும்பி, தேக்காவில் நடந்த எங்கள் ஊர்க் குழுக் கூட்டத்தில் இதை வைத்தேன். முதலில் வந்த எதிர்ப்பு பணத்தைப் பற்றியது. "ஆட்டோ வாடகைன்னு சொன்னா எவன் காசு குடுப்பான்? முகாம்னா நாலு பேருக்குத் தெரியும், படம் வரும், அடுத்த வருசமும் குடுப்பாங்க" என்றார் பெரியவர் ஒருவர். முப்பது வருடமாக ஊருக்காக வசூல் செய்கிறவர் சொல்வதைத் தட்டிவிட முடியாது. பணம் கொடுக்கிற தம்பி தங்குவிடுதியில் படுத்துக்கொண்டு தன் அம்மாவின் முகத்தைப் படத்தில் தேடுகிறான். அவனுக்கு ஆட்டோக்காரர் கொடுத்த ரசீதைக் காட்டி நிறைவு தர முடியுமா? என்னால் முடியும் என்று சொன்னேன். அவன் அம்மாவின் அழுத்தம் போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு என்று நர்ஸம்மா அம்மாவிடமே எழுதிக் கொடுக்கிற அட்டையை, அம்மா மகனுக்கு அனுப்பட்டும். பிறர் பார்க்க வேண்டிய படமில்லை அது. அவனுக்கு மட்டும் போதும்.

ஒரு தம்பி, தளத்தில் கம்பி கட்டுகிறவர், அதுவரை பேசாமல் இருந்தவர், எழுந்து சொன்னார்: "அக்கா, எங்கப்பாவும் அப்படித்தான் போனாரு. முகாம்ல பாத்தாங்க, பிரஷர் இருக்குன்னாங்க. நான் இங்க இருந்து போன்ல கேக்கும்போதெல்லாம் நல்லாருக்கேன்னுதான் சொன்னாரு." அதற்குப் பிறகு கூட்டத்தில் குரல்கள் தணிந்தன.

முகாமை நிறுத்துவதென்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, நானும் அதைக் கேட்கவில்லை. கண்ணும் பல்லும் மட்டும் பார்க்கும் சின்ன முகாம், நர்ஸம்மாவின் தேதியில், அவர் பதிவேட்டோடு நடக்கும். மிச்சப் பணம் வருடம் முழுக்க ஆட்டோவுக்கும் நிழல்கூரைக்கும் போகும் என்று முடிவானது. நடைமுறைச் சிக்கல்கள் நிறைய இருக்கின்றன. அரசு ஊழியரான நர்ஸம்மாவின் கையில் நாம் பணம் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. சுகாதார நிலையத்தின் நோயாளர் நலச் சங்கம் வழியாகக் கூரை போடலாம். ஆனால் எங்கள் குழுவில் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களும் சிங்கப்பூர்க் குடிமக்களும் கலந்திருக்கிறார்கள். இந்தியாவில் ஒரு சங்கத்துக்கு வெளிநாட்டுக் குடிமக்கள் நன்கொடை அனுப்பினால் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் குறுக்கே வரும். அதை முறையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் செய்ய வேண்டும். நர்ஸம்மாவுக்கு மாறுதல் வந்துவிட்டால் அடுத்து வருபவருக்கு யார் விளக்குவது என்பதும் இருக்கிறது.

இப்போதைக்கு ஆட்டோ விஷயத்தில்தான் நிற்கிறோம். ஊரில் இரண்டு பேர் ஓட்டுகிறார்கள், இருவருமே சொந்தக்காரர்கள். யாருக்குக் கொடுத்தாலும் மற்றவருக்கு வருத்தம். மாதம் மாற்றி மாதம் கொடுக்கலாமா, நோயாளியையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் ஊர்க் குழு இப்படி ஏதாவது செய்து பார்த்திருந்தால், வாடகையை யார் கையில் கொடுத்தீர்கள், கணக்கை ஊரில் யார் வைத்துக்கொண்டார்கள் என்று விவரமாக எழுதுங்கள். அடுத்த கூட்டம் மாதக் கடைசி ஞாயிறு. அதற்குள் கிடைத்தால் நல்லது.